கமநிலத்துக் கற்களை இனங்காணும் முறை

தோட்டம் கொத்தும்போதும் கிணறு வெட்டும்போதும் மண்வெட்டியிற் படுகின்ற கல்லை எடுத்து வரம்போரத்தில் எறிந்துவிடுவது கமக்காரரின் வழக்கம். எறியுமுன் அதனை ஒருமுறை உற்றுநோக்குதல் நன்று. மேட்டுநிலத்து மண்ணிற் பெரும்பகுதி அவ்விடத்துப் பாறையே சிதைந்து உண்டானதாகும். ஆகவே மண் மணற்றன்மையாயிருப்பதும் களித்தன்மையாயிருப்பதும், புளிப்பாயிருப்பதும் சுண்ணாம்பு மிகுந்திருப்பதும், கிணற்றுநீர் கடினமாயிருப்பதும் மென்மையாயிருப்பதும் பெரிதும் அடியிலுள்ள கல்லைப் பொறுத்தனவாம். ஆற்றுவெள்ளம் கொணர்ந்த வண்டல் வயல்களுக்கு மட்டும் இது பொருந்தாது. அங்கே மண் ஓரிடத்தது, பாறை வேறிடத்தது.

கற்களைப் பற்றிக் கமக்காரர் என்னிடம் கேட்கும் வினாக்களுள் முதன்மையானது வெள்ளைக்கல்லைப் பற்றியதாகும். காணியில் வெள்ளைக்கல் கண்டவர் அதனை இடித்துத் தூளாக்கிப் புளிப்பு மண்ணுக்கு இடலாமா என்று கேட்பர். கடையில் வெள்ளைத்தூள் வாங்கியவர் அது மெய்யான தொலமைற்றுத்தானா என்று கேட்பர். கண்ணால் மட்டும் பார்த்து இவற்றுக்கு விடை கூறுதல் இயலாது. படிகக்கல்லும் வெள்ளை, களிக்கல்லும் வெள்ளை, சலவைக்கல்லும் வெள்ளை, தொலமைற்றும் வெள்ளை. இந்நான்கனுள் முன்னிரண்டும் மண்ணின் புளிப்பைப் போக்கா. பின்னிரண்டுமே போக்கும். படிகத்தூளை வண்டிக்கணக்கில் இட்டாலும் நிலத்துக்கு மணல் இட்ட பயனே உண்டாகும். தூள் வாங்கிய பணமும் ஏற்றிய கூலியும் போயினவே. ஆகையால் கல்லை அதன் நிறத்தாலன்றி, அதன் வன்மை, பிளவு, பாரம், அமிலத்துக்கு அது காட்டும் குணம் ஆகியவற்றால் அறியப் பழகவேண்டும்.

இதற்கு வேண்டிய கருவிகள் எல்லார் வீட்டிலும் உள்ளன. ஒரு சுத்தியல், ஓர் இரும்பாணி அல்லது பேனாக்கத்தி, சிறிது செப்புக்கம்பி, உடைந்த கண்ணாடித்துண்டு ஒன்று, ஒரு காந்தம், சிறிது வினாகிரி ஆகிய இவையே போதும். பொருள் நிறுக்கும் விற்றராசு இருந்தால் இன்னும் நன்று.

முதலிற் கல்லை உடையுங்கள். வெயிலிலும் மழையிலும் கிடந்த கல்லின் மேற்றோல் துருவும் பாசியும் படிந்து உண்மை நிறத்தை மறைத்துவிடும். அது உக்கி மென்மையாகியும் இருக்கும். எனவே சோதனைகள் யாவற்றையும் புதிதாய் உடைந்த உட்பக்கத்திலேயே செய்தல்வேண்டும். உடைக்கும்போது கல்லைச் சாக்கினாற் சுற்றிக்கொள்ளுங்கள். படிகக்கல்லின் சிதறல் கண்ணாடிச் சிதறலை ஒக்கும், கண்ணிற் பட்டாற் பெருங்கேடு விளையும்.

கீறிப் பார்த்தல்

செருமனி நாட்டைச் சேர்ந்த பிரீட்ரிக் மோசு என்பவர் 1812 ஆம் ஆண்டில் கனிப்பொருள்களை அவற்றின் வன்மைக்கேற்ப ஒன்று முதல் பத்து வரை வரிசைப்படுத்தினார். வன்மை கூடியது குறைந்ததைக் கீறும் என்பதே அவ்வரிசையின் அடிப்படை. வரிசையின் அடியில் மாக்கல்லின் கனிப்பொருளும் முடிவில் வைரமும் நிற்கின்றன. கமக்காரருக்கு முழு வரிசையும் வேண்டியதில்லை. கைநகத்தின் வன்மை ஏறக்குறைய 2½. செப்புக்கம்பியினது 3 இற்குச் சற்று மேல். உருக்குக்கத்தியினதும் கண்ணாடியினதும் ஏறக்குறைய 5½ என்பதை நினைவில் வைத்தாற் போதும்.

சலவைக்கல்லிலுள்ள கல்சைற்று என்னும் சுண்ணாம்புக் கனிப்பொருளின் வன்மை 3. அதனைச் செப்புக்கம்பியே மெல்லக் கீறும். கத்தி இலகுவிற் கீறும். தொலமைற்று அதனினும் சற்று வன்மையுடையது. எனினும் கத்திக்கு இடங்கொடுக்கும். களிக்கல்லின் வன்மை 6. கத்திக்கு இடங்கொடாது, கண்ணாடியைக் கீறும். படிகத்தின் வன்மை 7; கண்ணாடியில் ஆழமாகவும் வெண்மையாகவும் கோடு விழும். கத்திக்கு இடங்கொடுக்கும் வெள்ளைக்கல் ஒரு வகை, கண்ணாடியைக் கீறும் வெள்ளைக்கல் மற்றொரு வகை எனப் பிரித்துவிட்டால் நமது வினாவிற் பாதி தீர்ந்துவிடும்.

இங்கே ஒன்றை அவதானிக்கவேண்டும். படிகத்தின்மேற் கத்தியை இழுத்தாலும் ஒரு கோடு தோன்றும். அது கல்லிலே விழுந்த கீறலன்று. கத்தியின் உருக்குத் தேய்ந்து படிந்த தடம். விரலை நனைத்து அழுத்தித் துடைத்தபின் நகத்தால் தடவிப் பாருங்கள். நகம் பள்ளத்தில் விழுந்தாலே அது கீறல்.

களிக்கல்லையும் படிகத்தையும் தம்முள் வேறுபடுத்துவது பிளவு. களிக்கல் உடையும்போது தட்டையான முகங்கள் தோன்றி, வெயிலிற் பிடித்துத் திருப்பினால் சிறு கண்ணாடிபோல் ஒருங்கே மின்னும். படிகத்துக்கு அத்தகைய முகங்களில்லை. உடைந்த போத்தலின் அடிப்பக்கம் போல வளைந்து உடையும். களிக்கல் நாளடைவிற் களிமண்ணாகச் சிதையும். படிகம் எத்தனை காலமாயினும் படிகமாகவே சிறுத்து மணலாகும். வயலில் நாம் காணும் மணலின் பெரும்பகுதி இவ்வாறு எஞ்சியதே. களிக்கல்லில் ஒரு வகையிற் பொற்றாசியம் உண்டென்று கேள்வியுற்றுச் சிலர் அதனையும் இடித்துப் பசளையாக இட எண்ணுவர். அப்பொற்றாசியம் கல்லினின்றும் விடுபடும் வேகம் பயிரின் பசிக்குப் போதாது. அம்முயற்சி வேண்டாம்.

அமிலம் விடுதல்

கத்திக்கு இடங்கொடுத்த கல்லில் அடுத்து அமிலச் சோதனை செய்யவேண்டும். ஆய்வுகூடங்களில் ஐதான ஐதரோகுளோரிக்கமிலத்தை ஒரு துளி விடுவர். கல்சைற்றாயின் அக்கணமே சீறி நுரைக்கும். தொலமைற்றாயின் குளிர்ந்த அமிலத்துக்குக் கட்டியாக இருக்கும்போது ஏறக்குறைய அசையாதிருந்து, தூளாக்கியபின் மெல்ல நுரைக்கும். நுரைப்பது காபனீரொட்சைட்டு வாயுவாகும். வீட்டிலே வினாகிரி கொண்டு இதனைச் செய்யலாம். வினாகிரி வலுக்குறைந்த அமிலமாகையாற் கல்லைக் கட்டாயம் தூளாக்கவேண்டும். தூளில் ஒரு சிட்டிகையைக் கண்ணாடிக் குவளையிலிட்டு, மூடும் அளவுக்கு வினாகிரி ஊற்றிக் காதருகே பிடியுங்கள். கண்ணுக்குப் புலப்படாத நுரையும் காதுக்குக் கேட்கும். தேசிக்காய்ப்புளியும் உதவும், ஆனால் அதன் சக்கை பார்வையை மறைக்கும். மின்கலத்து அமிலத்தை ஒருபோதும் பயன்படுத்தாதீர்கள். அது கண்ணையும் கையையும் எரித்துவிடுவதோடு, சுண்ணாம்புக்கல்லின் மேல் உறைபோற் படிந்து நுரையையும் அடக்கிவிடும். நல்ல கல்லைத் தீயதெனக் காட்டும்.

கடையில் வாங்கிய சுண்ணாம்புக்கற்றூளுக்கும் இச்சோதனை செல்லும். குவளையிலிட்ட தூள் நுரைத்து ஓய்ந்ததும் தெளிந்த நீரை வடித்து மீண்டும் வினாகிரி ஊற்றுங்கள். நுரை அறவே நிற்கும்வரை இவ்வாறு செய்தால், அடியில் எஞ்சுவது மணலும் கல்லுமேயாம். எச்சம் மிகுதியாயின் நீங்கள் விலை கொடுத்தது மணலுக்கே. தொலமைற்றுத் தூள் மிக மெல்லக் கரைவதால் ஒரே நாளில் முடிவு காண எண்ணாதீர்கள். நாள்தோறும் வினாகிரியை மாற்றிப் பல நாட்கள் வைத்துப் பார்க்கவேண்டும். நுரைக்கவில்லையே எனச் சில நிமிடத்தில் அதனைப் போலியென்று தள்ளிவிடுவது வணிகருக்கும் அநீதி.

தொலமைற்று என்பது கல்சியமும் மகனீசியமும் சேர்ந்த காபனேற்று. தூய கல்சியங்காபனேற்றின் நடுநிலையாக்கும் வலுவை 100 எனக் கொண்டால் தூய தொலமைற்றின் வலு ஏறக்குறைய 109 ஆகும். மாத்தளை, திகன முதலிய இடங்களில் அகழப்படும் சலவைக்கற்பாறைகளில் இவ்விரு கனிப்பொருள்களும் பல அளவிற் கலந்துள்ளன. நுவரெலியா, வெலிமடை மரக்கறித் தோட்டங்களிலுள்ள புளிப்பு மண்ணுக்கு இத்தூளே ஏற்றது. மகனீசியமும் கூடவே கிடைக்கின்றது. தூளை விரல்களிடையே தேய்த்துப் பாருங்கள். மாவைப்போல நுண்ணியதாயின் விரைவிற் பயன்தரும். சீனியைப்போற் பருமனாயின் அப்போகத்துக்கு உதவுவது அரிது. மண்ணைப் பரிசோதிப்பித்து அளவறிந்தபின், நடுகைக்கு இரண்டு வாரங்களுக்கு முன்னரே இட்டுக் கலந்துவிடவேண்டும். அமோனியப் பசளைகளையும் யூரியாவையும் இதனோடு ஒருங்கே இட்டால் நைதரசன் அமோனியாவாய்க் காற்றிற் போய்விடும்.

எப்பாவலக் கல்லைப் பற்றியும் இங்கேயே கூறிவிடுகிறேன். அப்பற்றைற்று என்னும் பொசுபேற்றுக் கனிப்பொருள் எப்பாவலவில் 1971 ஆம் ஆண்டு கண்டுபிடிக்கப்பட்டது. அதன் வன்மை 5. கத்தி வருந்திக் கீறும், கண்ணாடியை அது கீறாது. நல்ல பளிங்குகள் பசுமை சார்ந்த நிறமும் ஆறுபக்க வடிவமும் உடையன. நீரில் மிக மெல்லக் கரைவதால், புளிப்பு மண்ணில் நெடுங்காலம் நிற்கும் தேயிலை, இறப்பர், தெங்கு ஆகியவற்றுக்கே இதன் தூள் உகந்தது. மூன்று நான்கு மாதத்தில் அறுவடையாகும் நெல்லுக்கும் மரக்கறிக்கும் இது காலத்தில் உதவாது. சுண்ணாம்பு மிகுந்த மண்ணிலோ ஏறக்குறைய வீண். விலை குறைவென்பதை மட்டும் பார்த்து வாங்காதீர்கள்.

நிறுத்துப் பார்த்தல்

கல்லை நூலிற் கட்டி விற்றராசிற் கொளுவி நிறுங்கள். பின்னர் வாளியிலுள்ள நீரில், அடியிலும் பக்கத்திலும் படாமல் முழுவதும் அமிழ்த்தி நிறுங்கள். முதல் நிறையை இரு நிறைகளின் வித்தியாசத்தாற் பிரித்தால் வருவது அக்கல்லின் தன்னீர்ப்பு. காற்றில் 810 கிராமும் நீரில் 510 கிராமும் காட்டிய கல்லுக்கு வித்தியாசம் 300. எனவே தன்னீர்ப்பு 2.7. படிகம் 2.65, கல்சைற்று 2.71 ஆகையால் இம்முறை அவ்விரண்டையும் பிரித்துக் காட்டாது. வீட்டுத் தராசு அத்துணை நுண்ணியதன்று. பாரமான கற்களுக்கே இது பயன்படும். அப்பற்றைற்று 3.2 அளவினது, காந்தத்திற் பற்றும் மகனற்றைற்று 5.2. புல்மோட்டைக் கடற்கரையின் கருமணலை ஒரு கை அள்ளிப் பார்த்தவருக்குப் பாரமான கனிப்பொருள் என்றால் யாதென விளக்கவேண்டியதில்லை.

மூவினப் பாறைகள்

பாறைகளை அவை உண்டான வகையால் மூன்றாகப் பகுப்பர். உருகிய குழம்பு ஆறி இறுகியவை தீப்பாறைகள். மணலும் களியும் சிப்பியும் படையாய்ப் படிந்து இறுகியவை அடையற்பாறைகள். இவ்விரண்டும் பூமியின் ஆழத்தில் வெப்பத்தாலும் அமுக்கத்தாலும் உருவம் மாறியவை உருமாறிய பாறைகள். நமது நாட்டின் நிலப்பரப்பிற் பத்தில் ஒன்பது பங்கு மிகப் பழைய உருமாறிய பாறைகளின் மேல் அமைந்துள்ளது. புத்தளத்திலிருந்து மன்னார் வழியாக யாழ்ப்பாணக் குடாநாடு வரை மயோசீன் காலத்துச் சுண்ணக்கல் பரந்துள்ளது. தீப்பாறைகள் ஆங்காங்கு சிறு அளவில் மட்டுமே உள்ளன. தோணிகலவின் செங்கருங்கல் அவற்றுள் ஒன்று.

கருங்கல் நிலம்

மேசன்மார் கருங்கல் என்று கூறுவதிற் பெரும்பகுதி நைசு என்னும் உருமாறிய பாறையாகும். உடைந்த முகத்தில் வெண்மையும் கருமையுமான வரிகள் மாறிமாறித் தோன்றுவதே அதன் அடையாளம். வெள்ளை வரிகள் படிகமும் களிக்கல்லும். கரிய வரிகள் கருமைக்காவும் இரும்பு மிகுந்த பிற கனிப்பொருள்களும். மைக்காவைக் கத்திநுனியால் இதழிதழாகப் பிரிக்கலாம். இதழை வளைத்துவிட்டால் மீண்டும் நிமிரும். சில கற்களில் மாதுளை முத்துப்போன்ற காணற்று மணிகளும் காணப்படும்.

கரிய வரிகள் மிகுந்த கல் சிதைந்தால் இரும்பினாற் சிவந்த, களி கூடிய, ஊட்டம் தங்கும் மண் உண்டாகும். வெள்ளை வரிகள் மிகுந்து, அதிலும் படிகம் மேலோங்கினால், மணல் மிகுந்து இட்ட பசளையை மழையோடு போக்கும் மண் உண்டாகும். பின்னைய மண்ணுக்கு எருவும் கூட்டெருவும் மிகுதியாக வேண்டும். இரசாயனப் பசளையைச் சிறிது சிறிதாகப் பலமுறை இடவேண்டும். உலர்வலயத்தில் மேட்டில் இருப்பது செங்கபில மண். அதில் வெங்காயமும் மிளகாயும் மரக்கறியும் நன்கு வரும். அது காய்ந்தாற் கல்லாகும், நனைந்தால் ஒட்டும். உழுதற்கேற்ற ஈரம் சில நாட்களே நிற்கும். சரிவின் அடியில் நீர் தேங்கிச் சாம்பல் நிறம் பெற்ற மண் நெல்லுக்குரியது. ஒரே பாறையின் மக்கள், நின்ற இடத்தால் வேறுபட்டனர்.

இந்நிலத்திற் கிணறு வெட்டுவோர் கல்லின் ஓசையை அறிந்திருக்கவேண்டும். இங்கே நீர் நிற்பது மண்ணுக்கும் உறுதியான பாறைக்கும் இடைப்பட்ட உக்கிய கற்படையிலும், அதன் கீழுள்ள வெடிப்புக்களிலுமே. அலவாங்கால் அடிக்க மந்தமாக ஒலிப்பது உக்கிய கல். மணிபோல ஒலிப்பது உறுதியான கல். மணியோசை கேட்டவுடன் பாறை வந்ததென்று வேலையை நிறுத்தாதீர்கள். உக்கிய படையினுள் உக்காத பெரிய உருண்டைக் கற்கள் புதைந்து கிடப்பதுண்டு. குழியின் நான்கு மூலைகளிலும் அலவாங்கை இறக்கிப் பாருங்கள். ஒரு மூலையில் இறங்கினால் அது உருண்டைக்கல்; கீழே இன்னும் நீர்ப்படை இருக்கலாம். நான்கு மூலையிலும் ஒரே ஆழத்தில் முட்டினால், வெடிப்பு ஏதேனும் உண்டோவெனக் கழுவிப் பார்த்தபின்னரே வெடிவைக்கப் பணம் செலவிடுங்கள். உலர்வலயக் கருங்கல் நிலத்துக் கிணறுகள் சிலவற்றிற் புளோரைட்டு மிகுந்திருக்கும். அதனைக் கல்லாலும் சுவையாலும் அறியமுடியாது. குடிக்கும் நீராயின் ஆய்வுகூடத்திற் பரிசோதித்தே ஆகவேண்டும்.

கபுக்கல் நிலம்

கம்பகா, களுத்துறை, காலிப் பகுதிகளில் வீடுகட்ட வெட்டப்படும் கபுக்கல், மழை மிகுதியால் பாறையின் சத்துக்கள் கழுவுண்டு இரும்பும் அலுமினியமும் எஞ்சியதாகும். நிலத்தினுள் இருக்கும்போது கோடரியால் வெட்டலாம், காற்றுப்பட்டதும் இறுகும். மலையாளக் கரையில் இதனைக் கண்ட பிரான்சிசு புக்கனன் என்பவர், 1807 ஆம் ஆண்டு வெளியான தம் நூலில், செங்கல் எனப் பொருள்படும் இலத்தீன் சொல்லிலிருந்து இதற்குப் பெயரிட்டார். மெருகிடாத ஓட்டின் பின்புறத்தில் உரைத்தாற் செந்நிறமாகவோ மஞ்சட்கபிலமாகவோ தடம் விழும்.

இக்குன்றுகளின் அடிவாரத்து வயல்களில் இரும்பு ஊறிவந்து நெல்லைத் தாக்கும். வாய்க்கால் நீரில் எண்ணெய்போன்ற ஏடு மிதந்தால் குச்சியால் தொட்டுப் பாருங்கள். எண்ணெயாயின் பிரிந்து மீண்டும் கூடும். இரும்பேடாயின் உடைந்த ஓடுபோலத் துண்டு துண்டாய் நிற்கும். கீழிலைகளின் நுனியிற் கபிலப்புள்ளிகள் தோன்றி இலை செம்பு நிறமாவது நோயென்று எண்ணி மருந்து தெளிப்போர் உளர். மருந்து அதற்கு உதவாது. குன்றடியில் வெட்டுவாய்க்கால் அமைத்து ஊற்றுநீரைத் திருப்பிவிடுங்கள். வயலில் தேங்கிய நீரை இடையிடையே வடியவிடுங்கள். பொற்றாசியப் பசளையைக் குறைக்காதீர்கள். இரும்பைத் தாங்கும் நெல்லினங்களைப் பற்றி உங்கள் போதனாசிரியரிடம் கேட்டறியலாம்.

சுண்ணக்கல் நிலம்

யாழ்ப்பாணத்துச் சுண்ணக்கல்லை இனங்காண்பது இலகு. வினாகிரிக்கு நுரைக்கும், கத்தி கீறும், பல துண்டுகளிற் பழைய சிப்பிகளின் வடிவம் தெரியும். அதன் முக்கிய குணம் நீரை உறிஞ்சுதலும் நீரிற் கரைதலுமாகும். உலர்ந்த துண்டை நிறுத்து, ஓரிரவு நீரில் ஊறவைத்துத் துடைத்து மீண்டும் நிறுத்தால் நிறை கூடியிருக்கும். கருங்கல் அவ்வாறு கூடுவதில்லை. மழைநீர் கல்லின் வெடிப்புக்களை ஆண்டாண்டாகக் கரைத்துக் குகைகளும் கால்வாய்களும் ஆக்கியுள்ளது. கீரிமலையிற் கடலோரத்தில் நன்னீர் ஊறுவதும், நிலாவரைக் கிணற்றில் மேலே நன்னீரும் ஆழத்தில் உவர்நீரும் நிற்பதும் இதனாலேயே.

இந்நிலத்துக்குத் தொலமைற்றும் எப்பாவலத் தூளும் வாங்கவேண்டியதில்லை. இங்கே கவலை வேறு. கருங்கல் நிலத்தில் மேலே சிந்தியது கிணற்றை அடைய நெடுநாட் செல்லும். சுண்ணக்கல் நிலத்திலோ மண் ஆழமற்றதாகவும் கல் வெடிப்பு மிகுந்ததாகவும் இருப்பதால், பயிர் உண்ணாத பசளையும் தெளித்த நஞ்சும் மலசலகூடக் கழிவும் விரைவில் நீரோடு கலந்துவிடும். குடாநாட்டுத் தோட்டக் கிணறுகள் பலவற்றில் நைத்திரேற்று மிகுந்துள்ளமை ஆய்வுகளிற் கண்டறியப்பட்டதாகும். குடிநீரின் ஒரு இலீற்றரில் நைத்திரேற்று 50 மில்லிகிராமுக்கு மேற்படக்கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வரையறை. அதனை மிஞ்சிய நீரிற் கரைத்த பால்மா கைக்குழந்தையின் குருதியைக் கெடுத்து உடலை நீலம்பாரிக்கச் செய்யும். கொதிக்கவைத்தால் நைத்திரேற்று நீங்காது. நீர் வற்றுவதால் இன்னும் செறியும்.

ஆகவே வெங்காயத்துக்கும் புகையிலைக்கும் யூரியாவை ஒரேமுறையிற் கொட்டாமல் விதந்துரைத்த அளவைப் பல கூறாக்கி இடுங்கள். இட்டவுடன் பாத்தி நிரம்ப நீர் பாய்ச்சாதீர்கள். எருக்கும்பியைக் கிணற்றருகே வைக்காமல் தூரத்தில், சீமெந்துத் தளத்தின்மேற் கூரையிட்டு வையுங்கள். மருந்து தெளிகருவியைக் கிணற்றுக்கட்டிற் கழுவாதீர்கள். நீரிறைக்கும் இயந்திரத்தை ஒரேயடியாக நெடுநேரம் ஓடவிட்டால் மேலுள்ள நன்னீர் போய் அடியிலுள்ள உவர்நீர் ஏறும். காலையிற் சிறிதும் மாலையிற் சிறிதுமாக இறையுங்கள். வீட்டிற் கைக்குழந்தை இருப்பின் கிணற்றுநீரை ஒரு சுத்தமான போத்தலில் எடுத்து, குளிரில் வைத்து, எடுத்த அன்றே ஆய்வுகூடத்துக்குச் சேர்ப்பியுங்கள். விடை வரும்வரை குழந்தைக்கு வேறு நீர் கொடுங்கள்.